பிள்ளை பிடிக்க வருகிறவர்கள் இல்லை

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் தங்கை போன வருஷம் இறந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். பிள்ளைகள் இரண்டும் பாதி நாள் என்னோடு, பாதி நாள் தனியாக. ஒன்பது வயதுப் பெரியவள் வலையில் சிக்கிய நண்டு கழற்றப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதில், யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். "ஹோம்ல போட்டுருவாங்க" என்று தெருவில் பயமுறுத்தியதில் அவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: முதலில் அந்தத் தெருவாசிகளின் வாயை அடையுங்கள். அப்புறம், அவளுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். "அப்பா கடலுக்குப் போறதுக்கு முன்னாடி டோக்கன் வாங்குறாரில்ல? எந்தப் படகு போச்சு, எது திரும்பலன்னு கரையில ஒருத்தருக்குத் தெரியணும்னுதானே? பிள்ளைகளுக்கும் அப்படிக் கணக்குப் பார்க்க ஆள் இருக்காங்க." இது போதும். சட்டம், பிரிவு எல்லாம் அவளுக்கு எதற்கு?

வீட்டுக்கு வருகிறவர் பார்த்து எழுதிக்கொண்டு போவார், அவ்வளவுதான். முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. தலைவரோடு சேர்த்து ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண். அவள் பேசுவதை அவர்கள் கேட்டாக வேண்டும் என்பதையும், யாரோ போன் செய்தது அவள் செய்த குற்றத்துக்காக இல்லை என்பதையும் சொல்லுங்கள். நண்டு கழற்றப் போனதை மறைக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிள்ளை ஒப்பிப்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

"உன்னை யாரும் கூட்டிட்டுப் போகவே மாட்டாங்க" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது; உங்கள் வீட்டு நிலைமைக்கு அந்தப் பேச்சே வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்திலேயே ஆபத்து என்று பட்டால் கூட்டிப் போவார்கள். போனால் 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. இந்தப் பயண நேரத்தைத்தான் ரப்பராக இழுப்பார்கள், கவனம். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் என்ன டெல்லியா? பாம்பன் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸிலேயே போய்விடலாம். "இன்னிக்குக் குழு உட்காரல" என்பார்கள். உட்காராத நாளில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பதை நாம்தான் அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

எனக்குப் பெரிய பயம் வேறு. இந்த மாதிரி நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வருவார். "கலெக்டர் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு, ஐயாயிரம் கொடுங்க, பைலை முடிச்சிரலாம்" என்பார். குழு முன்னால் நிற்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. இன்னொருவர், வெளியூரில் நல்ல ஹாஸ்டல், இலவசப் படிப்பு என்பார். பதிவில்லாத இல்லம் நடத்துவதே குற்றம். எவரிடமும் வெற்றுத் தாளில் கையெழுத்தோ ஆதார் நகலோ கொடுக்காதீர்கள். பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க அரசின் உதவித்தொகை மாதம் 4,000 ரூபாய் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நீங்களே நேரில் கேளுங்கள். பத்து தடவை அலைய விடுவார்கள்தான். அதற்காகத் தரகரிடம் போய்விடாதீர்கள்.

சின்னவனுக்கு இவ்வளவும் வேண்டாம். "ஒரு அக்கா வருவாங்க, என்ன விளையாடுறன்னு கேப்பாங்க, நானும் பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அப்பாவும் கரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.