சேலமும் சாலேமும்

கேள்வி: அமெரிக்காவில் ஏகப்பட்ட சேலம் இருக்கின்றன. ஒரேகான் மாநிலத்தின் தலைநகரே சேலம்தான். அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன நம் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். இதையெல்லாம் நீங்கள் ஏன் எழுதுவதில்லை?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உண்மை இல்லை, அதனால்தான் எழுதவில்லை.

வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ‘சாலேமின் ராஜாவாகிய மெல்கிசேதேக்கு’ என்று ஒருவர் வருவார். அமெரிக்க ஊர்களின் பெயர் அந்த சாலேம்தான். சமாதானத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் உறவு. ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊரும் அதே ஐந்து எழுத்தில் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். நம் ஊர்ப் பெயர் சேரலத்தில் வந்ததா சைலத்தில் வந்ததா என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் போடுவோம்.

மூத்த சேலம், மாசசூசெட்ஸில் இருப்பது. 1626இல் ஆங்கிலேயர்கள் குடியேறியபோது அந்த இடத்துக்குப் பூர்வகுடிகள் வைத்திருந்த பெயர் நாம்கீக். 1629இல் பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவச் சபையார் அதைச் சேலம் ஆக்கினார்கள். சமாதான ஊரின் லட்சணம் என்ன தெரியுமா? 1650களில் குவேக்கர் என்ற வேறு சபைக்காரர்களைச் சாட்டையால் அடித்துத் துரத்தினார்கள். 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரை மேலே கல் ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். அந்தப் பீதி கிளம்பிய இடம் பக்கத்திலிருந்த சேலம் கிராமம். அது பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டு டான்வர்ஸ் ஆகிவிட்டது. சேலம் நகரமோ போலீஸ் கார் மேலேயே சூனியக்காரி படம் போட்டுச் சுற்றுலாவில் சம்பாதிக்கிறது.

வேடிக்கை இனிமேல்தான். 1675இல் டெலவேர் ஆற்றுப் பக்கம் நியூஜெர்சியில் ஜான் ஃபென்விக் ஓர் ஊரை அமைத்தார். அவர் குவேக்கர். பழைய சேலத்தில் தன் சபையார் வாங்கிய அடியெல்லாம் தெரிந்த காலம். அப்படியும் வைத்த பெயர் சேலம்! 1766இல் வட கரோலினாவில் மொரேவியன் சபையார் ஒரு சேலம் கட்டினார்கள். 1840களில் மெதடிஸ்ட் பாதிரிமார் ஒரேகானில், செமெக்கெட்டா என்று பூர்வகுடிகள் அழைத்த இடத்தில், இன்னொன்று. ஆக, எல்லாமே ஒருவர் ஊரைப் பார்த்து இன்னொருவர் காப்பியடித்தது என்று நினைக்க வேண்டாம். ஒரே புத்தகத்தைப் படித்துக்கொண்டு, ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத சபையார் அதே சொல்லில் போய் நின்றார்கள்.

வட கரோலினா சேலம் 1913இல் பக்கத்து ஊரான வின்ஸ்டனோடு இணைந்து வின்ஸ்டன்-சேலம் ஆயிற்று. புகையிலைக்குப் பேர்போன ஊர். 1956இல் அங்குள்ள கம்பெனி ஒன்று மென்தால் சிகரெட்டுக்குச் சேலம் என்றே பெயர் வைத்தது. மொரேவியன் பெரியவர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

சரி, நம் பக்கத்துப் பெயர் அங்கே எதுவுமே இல்லையா? இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியே தீருவேன் என்றால் இதை அனுப்புங்கள். அதே ஒரேகானில் மெட்ராஸ் என்று ஒரு சிற்றூர். முதலில் அதற்குப் பால்மெய்ன் என்று பெயர் வைக்கக் கேட்டார்கள். பாமர் என்று ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கிறது, கடிதங்கள் மாறிப் போகும் என்று தபால் இலாகா மறுத்துவிட்டது. வேறு பெயர் தேடியபோது கடையிலிருந்த துணிச் சுருளில் ‘மெட்ராஸ்’ என்று போட்டிருந்ததாம், அதையே எழுதிக் கொடுத்தார்களாம். கதை அப்படித்தான் சொல்கிறார்கள். கப்பலேறிப் போனது கட்டம் போட்ட துணி, ஆள் இல்லை. 2017 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணம் பார்க்க உலகமே அந்த ஊரில் கூடியது. உச்சரிப்பு மட்டும் நம்முடையது இல்லை. அவர்கள் வாயில் அது ‘மேட்ரஸ்’.