சாம்பலை அள்ளினீர்களா?

கேள்வி: இரட்சிக்கப்பட்டு 12 வருடமாகிறது. ஆரம்பத்தில் இருந்த அனல் இப்போது இல்லை. ஆனாலும் தினமும் விடியற்காலையில் ஒரு வசனத்தை ஸ்டேட்டஸில் போடுகிறேன், ஆராதனையை விட்டதில்லை. இருந்தும் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஒருவர்கூட என்னைப் பார்த்துத் தொடப்பட்டதாகத் தெரியவில்லை. விசுவாசத்தை அனலாக வைத்துக்கொள்ளவும் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கவும் என்ன செய்யலாம்?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ஸ்டேட்டஸ் போட்ட பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திறந்து பார்ப்பீர்கள்தானே? அந்த நேரத்தில் அதே வசனத்தை நீங்களே இன்னொரு தடவை வாசித்திருக்கலாம்.

சரி, அனல் என்று நீங்களே ஆரம்பித்துவிட்டதால் நெருப்பைப் பற்றியே பேசுவோம். பலிபீடத்து நெருப்பு அவியவே கூடாது என்று வேதாகமத்தில் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருப்பதைப் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருப்பீர்கள்; அதற்கு முந்தின வசனங்களைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். ஆசாரியன் சணல்நூல் அங்கியைப் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க எரிந்ததன் சாம்பலை அள்ளி பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அப்புறம் உடையை மாற்றிக்கொண்டு அந்தச் சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுமந்துகொண்டு போக வேண்டும். அதன் பிறகுதான் காலைதோறும் புது விறகு என்று வருகிறது.

நம்மிடம் அள்ளாமல் கிடக்கிற சாம்பல் பெரும்பாலும் பழைய சாட்சிதான், அதாவது இரட்சிக்கப்பட்ட கதையை நாம் மற்றவர்களுக்குச் சொல்வது. என் கதையையே சொல்கிறேனே. என் சாட்சியைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் குரல் தழுதழுத்தால் எதிரே இருப்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பதுவரை எனக்குப் பழகிப்போயிருந்தது. அது உறைத்த அன்றைக்குத்தான் பயம் வந்தது. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது என்றைக்கோ எரிந்து முடிந்தது.

அனல் குறைந்ததற்காக மட்டும் கலங்காதீர்கள். அன்னை தெரசா பல்லாண்டுகள் உள்ளுக்குள் இருட்டையும் வறட்சியையுமே அனுபவித்தார் என்பது அவர் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. வேலையை அவர் நிறுத்தவில்லை. "அனல்மூட்டி எழுப்பிவிடு" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியதும் தீமோத்தேயு என்கிற ஊழியக்காரனுக்குத்தான், புதிதாக வந்த யாருக்கோ அல்ல.

இனி அந்த முன்மாதிரி விஷயம். அதைக் கேள்வியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பிலிப்பி சிறையில் நடுராத்திரி, முதுகெல்லாம் அடி, கால்கள் தொழுமரத்தில், அதாவது கைதியின் காலைப் பூட்டி வைக்கிற மரக்கட்டையில். பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் ஜெபம் பண்ணிப் பாடுகிறார்கள். காவலில் வைக்கப்பட்டிருந்த மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று, இதை அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதிய லூக்கா போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் கைதிகளை ஈர்க்கத்தான் பாடினார்கள் என்று எழுதவில்லை. உங்கள் வீட்டாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் ஐயா. சமாதானத்தைப் பற்றி வசனம் போட்ட பத்தாவது நிமிஷம், சார்ஜரைக் காணோம் என்று நீங்கள் போடுகிற சத்தமும் அவர்கள் காதில்தான் விழுகிறது.

ஒரு மாதம் ஸ்டேட்டஸை நிறுத்துங்கள். வீட்டில் யாரிடமாவது மன்னிப்புக் கேட்பது பாக்கி இருந்தால், "நீயும்தான் அன்றைக்கு" என்கிற வால் இல்லாமல் கேட்டுவிடுங்கள். அவர்கள் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் போகட்டும். மாதம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். யார் தொடப்பட்டார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.