ஹெட் பிளேனிங்குக்குப் பிறகு புஷ்ராடு நீளம்

கேள்வி: பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு ஹெட்டின் அடிப்பரப்பை 0.5 மி.மீ. சீவி (பிளேனிங்), வால்வு சீட்டும் வெட்டியாச்சு. வால்வைத் திறக்கும் ராக்கரைத் தள்ளுகிற பழைய கம்பியையே (புஷ்ராடு) போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அளக்காமல் போடாதீர்கள். ஹெட் இறங்கிய 0.5 மி.மீ. அளவுக்குப் புஷ்ராடு இப்போது நீளம். சீட்டு வெட்டியதில் வால்வு நுனியும் மேலே ஏறியிருக்கும். முதலில் அதைக் கவனியுங்கள்.

வால்வு நுனியில் மார்க்கர் மை தடவி, டாப்பெட் கேப் (ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே விடும் இடைவெளி) வைத்து, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். மை தேய்ந்த தடம் ஒடுக்கமாக, நடுவில் விழணும். அகலமாக விழுந்தால் ராக்கர் வால்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. குஞ்சப்பனை இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே ஓட்டுகிற வண்டிக்கு வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) சீக்கிரம் தேயும். எல்லா ராக்கர் ஸ்டாண்டுக்கும் அடியில் ஒரே கனத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். ஆயில் ஏறும் ஸ்டாண்டின் ஷிம்மில் துளை கட்டாயம். இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஆயிலின்றித் தேய்ந்துவிடும்.

புஷ்ராடு நீளம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். போடப்போகும் அதே ரகக் கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்கில் இறுக்குங்கள். 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஆம் வால்வை அளக்கணும். இரு வால்வு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9. கேப் வைத்தபின் அட்ஜஸ்டர் திருகில் ஒன்றிரண்டு மரை மட்டும் ராக்கருக்குக் கீழே தெரிந்தால் நீளம் சரி. மரையே தெரியாவிட்டால் ராடு நீளம். ராடின் மேல்முனைக் கிண்ணத்தின் விளிம்பு ராக்கரில் இடிக்கும். நீளம் மாற்றக்கூடிய செக்கிங் புஷ்ராடு வைத்து அளவெடுங்கள். லேத்துக்குக் கொடுக்கும்போது, அளந்தது கிண்ண விளிம்பிலிருந்தா, குழியின் அடியிலிருந்தா என்றும் எழுதிக் கொடுங்கள்.