விசுவாசிகளின் நித்திய வீடு எப்படி இருக்கும்?

"மேலே மேகங்களுக்கு நடுவில்தான் என்றென்றும் இருப்போமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பலரும் தவறவிடுவது இதைத்தான்: வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 21-ல் நாம் மேலே போவதில்லை, தேவனுடைய நகரமான புதிய எருசலேம் புதிய பூமிக்கு இறங்கி வருகிறது.

தூதன் பொற்கோலால் அந்த நகரத்தை அளக்கிறான். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 12,000 ஸ்தாதி, ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். மதில் 144 முழம், சுமார் 65 மீட்டர். இவ்வளவு உயர நகரத்துக்கு மதில் இவ்வளவுதானா என்று குழம்ப வேண்டாம். அது உயரமா தடிமனா என்று வசனம் சொல்லவில்லை. இந்த எண்களை அடையாளமாகவே படிப்பவர்களும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கனசதுர வடிவம். சாலொமோன் கட்டிய ஆலயத்தில் தேவ பிரசன்னத்தின் இடமான மகா பரிசுத்த ஸ்தலமும் 20 முழக் கனசதுரம்தான் (1 இராஜாக்கள் 6:20). பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒரே நாள் நுழைந்த அறை! இப்போது நகரம் முழுவதுமே அந்த அறை. அதனால்தான் அங்கே தனியாக ஆலயம் இல்லை.

ஒவ்வொரு வாசலும் ஒரே முத்து. பன்னிரண்டும் அடைக்கப்படுவதே இல்லை. ஜீவவிருட்சம் மாதந்தோறும் கனி தரும். கண்ணீர், மரணம், அலறுதல் எதுவும் இல்லை. தேவனுடைய ஊழியக்காரர் அவருக்குப் பணிசெய்து, அவர் முகத்தைக் காண்பார்கள் (22:3-4).