தோள்பட்டை ஏசி ஜாயிண்ட் விலகல், கிரேடு 3: ஆபரேஷன் அவசியமா?

பைக்கிலிருந்து விழுந்து ஏசி ஜாயிண்ட் (காறை எலும்பு தோள்பட்டை எலும்போடு சேரும் மூட்டு) விலகிவிட்டது, கிரேடு 3, ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்து உலோக பிளேட் வைக்கணும் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை. கிரேடு என்பது மூட்டு எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதற்கான அளவு, 1 முதல் 6 வரை. 1, 2 என்றால் ஆபரேஷன் பேச்சே வராது, 4, 5, 6 என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான், நடுவில் இருக்கும் 3-ல்தான் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது.

எனக்கும் அதே 3தான். மாங்காய் சீசன் தொடக்கத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் மண்ணில் வண்டி சறுக்கி இடது தோள் தரையில் மோதியது. காறை எலும்பின் நுனி மேலே துருத்திக்கொண்டு நின்றது, விரலால் அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்பும். பாட்டி புத்தூர் கட்டுக்குக் காரே பேசிவிட்டார். ஆனால் இது முறிவு இல்லை, எலும்பைப் பிடித்திருந்த ஜவ்வு அறுந்தது, எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது பழைய இடத்தில் நிற்காது.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் ஸ்லிங், அப்புறம் பிசியோ. முதல் பத்து நாள் லுங்கி கட்டக்கூட தம்பியைக் கூப்பிட வேண்டியிருந்தது. சீசன் முடிவதற்குள் மாங்காய்ப் பெட்டி தூக்கிவிட்டேன்.

என் மச்சானுக்கு இதே அடி, அவர் கொக்கி பிளேட் வைத்துக்கொண்டார். அந்தக் கொக்கி தோள் எலும்புக்கு அடியில் நுழைந்து உட்காரும், கை அசையும்போதெல்லாம் எலும்பை உரசித் தேய்க்கும், அதனால் சில மாதத்தில் கழற்றியாக வேண்டும். அதாவது இன்னொரு மயக்க ஊசி, இன்னொரு பில். நடுவில் தையலில் சீழ் வேறு. பிளேட் ஓரத்தில் எலும்பு முறிவது, கழற்றியபின் மறுபடி மேலே எழும்புவது எல்லாம் நடக்கக்கூடியதுதான். பட்டன் போட்டு நூலால் இழுத்துக் கட்டும் முறையில் பொதுவாகக் கழற்றும் வேலை இல்லை, ஆனால் துளை போட்ட எலும்பு உடையலாம், நூல் தளரலாம்.

கனடாவில் 83 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. கொக்கி பிளேட் வைக்காதவர்களின் கைதான் மூன்றாம் மாதம்வரை நன்றாக வேலை செய்தது, இரண்டு வருஷத்தில் இரு தரப்பும் ஒன்றுதான். எக்ஸ்ரேயில் மட்டும் பிளேட் வைத்தவர்களுக்கு மூட்டு நேராக இருந்தது.

எலும்பு பின்பக்கம் தள்ளியிருந்தாலோ, தோலைக் குத்திக்கொண்டு நின்றாலோ, கை மரத்துப்போனாலோ காத்திருக்காதீர்கள். இல்லையென்றால் மூன்று மாதம் பிசியோ பார்த்துவிட்டு, வலி விடாவிட்டால் அப்போதும் ஆபரேஷன் செய்யலாம், கொஞ்சம் பெரிய வேலையாக இருக்கும். என் தோளில் அந்த மேடு இன்னும் இருக்கிறது, பேக்கை வலது பக்கம் மாட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.