சடங்கும் செய்முறை நோட்டும்

வணக்கம் ஐயா,

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். மகள் எட்டாம் வகுப்பு. போன மாதம் வயதுக்கு வந்தாள். வீட்டோடு தலைக்கு ஊற்றி முடித்துவிட்டோம். இப்போது மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தே ஆகவேண்டும் என்கிறார் கொழுந்தனார். "இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் செஞ்ச மொய், செய்முறையை எப்பத் திருப்பி வாங்குறது?" என்று கேட்கிறார். என் அண்ணன் தாய்மாமன் சீருக்குத் தட்டுக்கணக்கே போட்டுவிட்டது. மகளோ, "என் போட்டோவ ரோட்டுல வைக்காதீங்கம்மா" என்று அழுகிறாள். எனக்கும் இஷ்டமில்லை. கணவர் வாயே திறப்பதில்லை. 'படிச்ச திமிரு' என்று என் காதுபடவே பேசுகிறார்கள். நான் பிடிவாதம் பிடிக்கிறேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் கொழுந்தனாரின் கணக்கைப் பார்ப்போம். அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை ஒரு கடன்தான். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் திருப்ப வேண்டும். மண்டப வாசலில் ஒருவர் பணத்தை எண்ணிச் சொல்ல, இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி, கையோடு ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள். பேங்க்காரர் மதிக்காத எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் பணம்தான் போர் போடவும் பிள்ளையைக் காலேஜில் சேர்க்கவும் கைகொடுத்தது. அவர் போட்ட பணம் வெளியே நிற்கிறது, கேட்பது நியாயம்தான். அதை வசூலிக்க உங்கள் மகள் வயதுக்கு வந்ததுதான் சாக்காக வேண்டுமா? மாடி எடுத்தால் வீடு குடிபோகும்போது வைக்கலாம். நாளைக்குக் கல்யாணம் இருக்கிறது. நோட்டு எங்கேயும் போய்விடாது.

ஃபிளெக்ஸ் விஷயத்தில் நான் உங்கள் மகள் கட்சி. பிள்ளை முகத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, கீழே மூன்று வரிசைக்குக் கூலிங்கிளாஸ் மாமன்மார்! மறுநாள் அந்த வழியாகத்தானே அவள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

அப்புறம் உங்கள் கேள்வி, இது பிடிவாதமா என்பது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் முன்கூட்டியே அவர் யோசனை கலந்த நெருங்கிய நண்பர்களே, ராஜாஜி உட்பட, அதைக் கேட்டுச் சங்கடப்பட்டார்கள். ஜனங்களுக்குப் புரியாது, பைத்தியம் என்றுகூடச் சிலர் நினைக்கலாம் என்ற அவர்கள் தயக்கத்தைக் காந்தியே எழுதியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. ஆயுளுக்கும் இனி இப்படித்தான் என்று அவர் அன்றைக்குப் பிரகடனம் செய்யவில்லை. அக்டோபர் 31 வரைக்குமாவது என்றுதான் சொன்னார். ஆறு வாரம்கூட இல்லை.

எனக்கு அதில் பிடித்தது அந்தச் சின்ன அளவுதான். 'சடங்கே பெண்ணடிமைத்தனம்' என்று நீங்கள் கூடத்தில் நின்று பேசினால், அண்ணன் காதில் 'உன் சீர் எனக்கு வேண்டாம்' என்றுதான் விழும். இந்தப் பிள்ளைக்கு மண்டபமும் ஃபிளெக்ஸும் கிடையாது என்பதோடு நிறுத்துங்கள். அதில் ஒரு அங்குலம்கூட இறங்கிவர வேண்டாம். ஊரில் மற்ற வீட்டுச் சடங்குகளுக்குப் போங்கள், செய்முறை செய்யுங்கள். போகாமல் இருந்தால் கொள்கை என்று யாரும் சொல்லமாட்டார்கள், கஞ்சம் என்பார்கள்.

அண்ணனிடம் போனில் பேசாதீர்கள். நேரில் போய்த் தனியாகப் பேசுங்கள். மருமகளுக்கு ஒரு பட்டுப்பாவாடையும் மாலையும் எடுத்துக்கொண்டு அவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும், அதுவும் மகள் சரி என்றால். கொழுந்தனாரிடம் பேசவேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவர் வாய் திறக்காதவரை 'திமிர்' உங்கள் பெயரில்தான் ஏறும். இதை அவரிடம் கொஞ்சம் உறைக்கிற மாதிரியே சொல்லலாம்.

சும்மா ஆறுதல் சொல்ல எனக்கு வராது. சிலர் இதை மனதில் வைத்திருப்பார்கள். அடுத்த விசேஷத்தில் ஆரத்தி எடுக்க உங்களைக் கூப்பிடாமல் விடுவார்கள். வலிக்கத்தான் செய்யும்.

ஒரு அவசர வேலை இருக்கிறது. மகள் போட்டோ ஏற்கெனவே ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் செல்லுக்குப் போய்விட்டதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். அடித்து வந்துவிட்டால் 'காசு போச்சே' என்ற பேச்சும் கூடச் சேர்ந்துகொள்ளும்.