பூனைக்கு உறுதி எழுத வேண்டுமா?

கேள்வி: நாங்கள் தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில், லயத்தில் குடியிருக்கிறோம். பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா, மகனுடைய வேலை காரணமாகக் குடும்பத்தோடு வத்தளைக்குப் போய்விட்டார். மாடி வீட்டில் வளர்க்க முடியாது, இனி நீயே வைத்துக்கொள் என்று நாலு பேர் முன்னால் சொல்லி, அவர்களுடைய கடுவன் பூனையை என் கையில் கொடுத்தார். இரண்டு மாதமாக அது எங்களோடுதான் இருக்கிறது. ஆனால் அதைக் குட்டியாகக் கொண்டுவந்தது குவைத்தில் வேலை செய்யும் அவருடைய மகள். அவர் வந்து கேட்டால் திருட்டு வழக்காகிவிடும், உரிமை மாற்றும் பத்திரம் எழுதிச் சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்க வேண்டும் என்று டவுனில் பத்திரம் எழுதும் ஒருவர் சொல்கிறார். 4,500 ரூபா கேட்டார். 1,500 ரூபா கொடுத்துவிட்டேன். அடையாள அட்டைப் பிரதியும், நான் ஒப்பமிட்ட வெறும் தாள் ஒன்றும் அவரிடம் இருக்கின்றன. அவர் தந்த மாதிரிப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியுள்ளேன். இது கட்டாயம் தேவையா?

பதில்: தேவையில்லை. மீதி 3,000 ரூபாவைக் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கேட்ட பிறகு, இந்த வாரத்திலேயே நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலங்கையில் எழுத்திலும், நொத்தாரிசு முன்னிலையிலும் கைமாற வேண்டியது காணி, வீடு போன்ற அசையாச் சொத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதைத்தான் கட்டாயமாக்குகிறது. பூனை சட்டத்தின் கண்ணில் அசையும் சொத்து. அது கூரைமேல் ஏறி ஓடுவதற்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, உங்கள் தையல் மெஷினும் சைக்கிளும் அதே வகைதான். அசையும் சொத்தை நன்கொடையாகக் கொடுப்பதற்கு நம் நாட்டில் இன்றும் பொதுச் சட்டமாக நிற்கும் உரோமன் டச்சுச் சட்டம் கேட்பது மூன்றே விடயங்களை: கொடுப்பவர் உண்மையிலேயே கொடுக்க நினைத்திருக்க வேண்டும், பெறுபவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், பொருள் கைமாறியிருக்க வேண்டும். அக்கா சொன்னார், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், பூனை உங்கள் அடுப்படியில் இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறது. அன்றைக்கே அது முடிந்துபோன காரியம். நாளைக்கு அக்கா மனம் மாறினார் என்பதற்காக அது திரும்பிப் போகாது.

திருட்டு என்ற சொல்லைக் கேட்டுத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, ஒருவருடைய கைவசமுள்ள பொருளை அவருடைய சம்மதம் இல்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் அது திருட்டு. அக்காவின் கைவசம் இருந்த பூனையை அக்காவே நாலு பேர் பார்க்க உங்கள் கையில் கொடுத்திருக்கும்போது, அதைத் திருட்டென்று எழுதிக்கொள்ளும் பொலிஸ் அதிகாரி முதலில் தன் சட்டப் புத்தகத்தைத் தூசி தட்ட வேண்டியிருக்கும்.

இனி அந்த மாதிரிப் பத்திரம். பெரிதாக்கிப் பார்த்தேன். அது பூனைக்காக எழுதப்பட்டதே அல்ல, காணி நன்கொடை உறுதியின் பழைய பிரதி. தலைப்பில் ‘காணி’ என்ற சொல்லை வெட்டிவிட்டு மேலே பேனாவால் ‘பூனை’ என்று எழுதியிருக்கிறார்கள். கீழே அட்டவணையில் வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே என்று எல்லைகள் எழுதும் கோடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன; நிலஅளவைப் பட இலக்கம் எழுதும் இடத்தில் ‘செம்பட்டை நிறம்’ என்றும், விஸ்தீரணம் எழுதும் இடத்தில் ‘ஒன்று’ என்றும் இருக்கிறது. இந்தத் தாளுக்குத்தான் 4,500 ரூபா.

சமாதான நீதவானின் ஒப்பம் இருந்தால் பலம் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். ஒருவர் தம் முன்னால் வந்து சத்தியம் செய்து ஒப்பமிட்டார் என்பதற்கு மட்டுமே அந்த ஒப்பமும் இறப்பர் முத்திரையும் அத்தாட்சி. சத்தியக்கடதாசியில் எழுதியிருப்பது உண்மையா, கொடுத்தவருக்கு அந்தப் பொருள் சொந்தமா என்று அவர் விசாரிப்பதுமில்லை, சான்று சொல்வதுமில்லை. அதிலும் இந்தப் பத்திரத்தில் ஒப்பமிடப்போவது பூனையைக் கொடுத்த அக்கா அல்ல, வாங்கிக்கொண்ட நீங்கள். ‘எனக்குக் கொடுத்தார்கள்’ என்று நீங்களே சத்தியம் செய்து கொடுக்கும் தாளால் அக்காவுக்கோ மகளுக்கோ எந்தக் கட்டுப்பாடும் வராது.

நம் மலையக மக்களிடம் இந்த வியாபாரம் ஏன் இவ்வளவு இலகுவாக நடக்கிறது என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. கடைசியாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு ஆனது. பரம்பரை பரம்பரையாக இருந்த லயக் காம்பராவுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை, ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி தருவதாக மேடையில் சொல்லுகிறார்கள், பெயர்ப் பட்டியல் வருகிறது, பிறகு அடுத்த தேர்தல் வருகிறது. கடதாசி இல்லாததால் இவ்வளவு பட்ட மக்கள், முத்திரை குத்திய எதைக் கண்டாலும் நம்பத்தான் செய்வார்கள். உங்களிடம் காசு கேட்டவரைப் போன்ற பத்திரத் தரகருக்கு அது நன்றாகத் தெரியும். உறுதி கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காத நிர்வாகம் ஒரு பக்கம், உறுதியே வேண்டாத இடத்தில் உறுதி விற்கும் தரகர் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் கைக்காசை இழப்பது கொழுந்து பறிக்கும் பெண்கள்தாம்.

தரகர் முழுப் பொய்யும் சொல்வதில்லை, வேறெங்கோ உள்ள உண்மையை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார். தோட்டங்களில் பலர் பால்மாடு வளர்க்கிறார்கள். மாடு, எருமை விடயத்தில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் பத்திரங்கள் உண்டு, அவை இல்லாமல் மாட்டைக் கைமாற்றவோ லொறியில் ஏற்றவோ போனால் சிக்கல்தான். நாய்களைப் பதிவு செய்வதற்கும் 1901ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. பூனைக்கு அப்படி உரிமையாளர் பதிவேடு எதுவும் இல்லை. பதிவேடே இல்லாத ஒன்றில் பெயர் மாற்றித் தருகிறேன் என்பவரிடம், எந்த அலுவலகத்தில், எந்தப் புத்தகத்தில் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது மகளுடைய விடயம். தரகர் சொன்னதில் யோசிக்க வேண்டிய ஒரே பகுதி இதுதான். அதற்கு அவருடைய பத்திரம் எள்ளளவும் உதவாது என்பது வேறு. தன்னுடையது அல்லாத பொருளை ஒருவர் நன்கொடையாகக் கொடுக்க முடியாது. ஆகவே பூனை உண்மையில் மகளுடையதாக இருந்து, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுமாறு மட்டும் தாயிடம் விட்டுப் போயிருந்தால், தாய் கொடுத்தது செல்லாது என்று மகள் வாதாட இடமுண்டு. அப்போதும் நீங்கள் திருடியாகமாட்டீர்கள். உரிமை யாருடையது என்ற சிவில் கேள்வி மட்டுமே எழும். அந்தக் கேள்விக்கு விடை, குட்டியை யார் வீட்டுக்குத் தூக்கி வந்தார் என்பதில் மட்டும் இல்லை. பிள்ளைகள் ஸ்டோர்ப் பக்கமிருந்தும் ரோட்டோரத்திலிருந்தும் தூக்கி வருகிற குட்டிகள் பெரும்பாலும் வீட்டுக்குப் பொதுவான பூனையாகத்தான் வளர்கின்றன. மகள் குவைத்துக்குப் போகும்போது பூனையைப் பற்றி ஏதாவது ஏற்பாடு செய்தாரா, அதன் செலவுக்கென்று தனியாகப் பணம் அனுப்பினாரா, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனபோது அட்டையில் அவருடைய பெயர் எழுதப்பட்டதா, தொலைபேசியில் பேசும்போது என் பூனை எப்படி இருக்கிறது என்று விடாமல் விசாரித்தாரா, அல்லது போனதோடு மறந்துவிட்டாரா என்பனவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சோறும் கருவாடும் போட்டு வளர்த்தது தாய், வீட்டைக் காலி செய்தபோது முடிவெடுத்தது தாய், மகளும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்றால், தாய் கொடுத்ததே போதும் என்பது என் கருத்து. ஆனால் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். ‘அம்மா போகும்போது பூனையை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார், எங்களோடு நன்றாக இருக்கிறது, உங்களுக்குச் சம்மதம்தானே’ என்று, பூனையின் படத்தோடு. ‘சரி அக்கா’ என்ற இரண்டு சொற்கள் திரும்பி வந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, பூனை எனக்கு வேண்டும் என்று பதில் வந்தால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது உங்கள் பிள்ளைகள் அந்தப் பூனையோடு இன்னும் ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் நல்லது.

அக்காவிடமிருந்தும் எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று உங்கள் மனம் கேட்டால், கொப்பித் தாள் ஒன்று போதும். ‘நான் வளர்த்துவந்த, நெற்றியில் வெள்ளைப் புள்ளியும் கட்டை வாலும் உள்ள செம்பட்டை நிறக் கடுவன் பூனையை இன்ன திகதியில் இன்னாருக்கு முழு உரிமையாகக் கொடுத்துவிட்டேன்’ என்று, உங்கள் பூனையின் அடையாளங்களைச் சரியாக எழுதி, அக்கா ஒப்பமிட்டு, அன்றைக்கு அங்கிருந்த இருவர் சாட்சியாக ஒப்பமிட்டால் முடிந்தது. இப்போது எழுதினாலும் கொடுத்த நாளை உள்ளபடி எழுதுங்கள், ஒப்பமிடும் திகதியைத் தனியாகப் போடுங்கள். அக்கா வத்தளையிலிருந்து வர முடியாவிட்டால் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு போதும்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தடுப்பூசி அட்டை. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் உங்கள் பெயரில் ஊசி போடப்பட்ட அட்டை, பூனை யாருடையது என்பதற்குத் தரகரின் பத்திரத்தைவிட நூறு மடங்கு நல்ல சான்று. பூனை உங்களுடையது என்றால் அது செய்யும் சேதத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதற்கான சிகிச்சை இலவசம். மஞ்சள் பூசி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

முதலில் சொன்ன அவசர வேலை இதுதான்: அந்த மனிதரிடமிருந்து வெறும் தாளைத் திரும்ப வாங்குங்கள். 1,500 ரூபா போனால் போகட்டும் என்றுகூட நினைக்கலாம். நீங்கள் ஒப்பமிட்ட வெறும் தாளும் அடையாள அட்டைப் பிரதியும் ஒரே கையில் இருப்பதை அப்படி விட முடியாது. அதன் மேற்பகுதியில் கடன் பட்டதாக எழுதலாம், உங்கள் பெயரில் ஒருவருக்குப் பிணை நின்றதாக எழுதலாம், நாளை உங்களுக்குக் காணி ஒதுக்கப்பட்டால் அதை விட்டுக்கொடுத்ததாகக்கூட எழுதலாம். வெறும் தாளில் ஒப்பம் கேட்பவர் எவராயினும், அவர் தொழிற்சங்கக்காரராக இருந்தாலும், கோயில் கமிட்டித் தலைவராக இருந்தாலும், கொடுக்காதீர்கள். தனியாகப் போகாமல் கணவரையோ வயதில் மூத்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பத்திரம் வேண்டாம், தாளையும் பிரதியையும் முற்பணத்தையும் தாருங்கள் என்று கேளுங்கள். தாள் கிடைத்தால் அங்கேயே கிழித்துவிடுங்கள். இனி யாருக்காவது அடையாள அட்டைப் பிரதி கொடுக்க நேர்ந்தால், எந்தக் காரியத்துக்கு, எந்தத் திகதியில் கொடுக்கிறீர்கள் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

தாளைக் கொடுக்க மறுத்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். அங்கே உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, ‘இங்கே ஒப்பமிடுங்கள்’ என்பார்கள். அவசரப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி; தமிழில் சொல்லவும், தமிழில் எழுதச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இன்று லீவு, நாளை வாருங்கள் என்ற பதில் கிடைக்கக்கூடும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பதிலைக் கேட்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு, என்றாலும் வாசித்துப் புரியாத தாளில் ஒப்பமிடுவதைவிட நாளை போவது மேல். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முற்பணம் பற்றிய சச்சரவை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, ஆகவே ‘நான் கூட வந்து பேசித் தருகிறேன்’ என்று வழியில் நிற்கும் இன்னொருவருக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.